ஆர்வோ எதிரணிக்குக் கோல் காத்த கதை

கனடாவின் வடக்கே, ஹேரோ லேக் என்னும் சுரங்க ஊரில், ஆர்வோ லெஹ்டினென் நின்றால் வட்டுக்கே பயம் என்பார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கியில் பதினெட்டு வருஷம் ஊருக்குக் கோல் காத்தவர். அப்போதெல்லாம் முகமூடி ஏது? மூக்கு நாலு முறை உடைந்தது, முகமெல்லாம் தையல். மூன்று கோப்பை வாங்கித் தந்தார். முழங்கால் விட்டுப்போனதும் கம்பெனி அவரைச் சுரங்கத்துக்குள் இறக்காமல் மேலே, இறங்குபவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையில் உட்கார வைத்தது. நெஞ்சில் ஏற்கெனவே கல்தூசி. அந்த வேலை போனால் மனுசன் போய்விடுவார் என்று மனைவி இல்மாவுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். வெளியூரிலிருந்து ஆட வந்த அணியின் கோல்கீப்பருக்கு அடிபட்டால், ஆட்டம் நடக்கும் ஊர்தான் ஆளை இரவல் கொடுக்க வேண்டும். அதற்காக ஆர்வோ, ஸ்கேட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பார்.

1953இல் ஹேரோ லேக்கில் நடந்த இறுதியாட்டத்தில், ஆட வந்த கோர்மன் ஊர் ஒரு கோல் முன்னே இருந்தபோது, அவர்கள் கோல்கீப்பருக்குத் தாடை உடைந்தது.

சுரங்கக் கம்பெனி நடத்தும் ஊர் அணியின் மேனேஜர் மக்ரே ஓடிவந்தார். "அண்ணே, பெரிசா ஒண்ணும் கேக்கல. முட்டி வேற வலிக்குதுல்ல? ரெண்டு உள்ள போனா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"கிழவா, நின்னுக்கிட்டே தூங்கிடு! நாங்க தாலாட்டு பாடுறோம்!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ஆர்வோவும் சிரித்தார்.

இல்மா குனிந்து ஸ்கேட் கயிற்றை இறுக்கினாள். "விட்டுடுங்க. விளக்கறைய நினைச்சுக்குங்க."

"சரிம்மா, விட்டுடறேன்."

யார் எப்படிச் சொன்னாலும் சரி, விடத்தான் போனார். முதல் வட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கையுறைக்குள் பொத்தென்று வந்து விழுந்தது. அடுத்ததற்கு வேண்டுமென்றே இந்தப் பக்கம் சாய்ந்தார். கால் அந்தப் பக்கம் நீண்டு தடுத்தது. பதினெட்டு வருஷம் பழக்கிய உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருபத்தொன்பது வட்டில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கோர்மன்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். ஊர்க்காரர்கள் பூட்சின்மேல் போடும் ரப்பர் உறைகளைக் கழற்றி அவர்மேல் எறிந்தார்கள்.

"ஒண்ணாவது விட்டிருக்கக் கூடாதா?" என்றாள் இல்மா, வீட்டுக்கு நடக்கையில்.

"விட்டேன் இல்மா. கை கேக்கல."

"இத யார்கிட்டப் போய்ச் சொல்வீங்க?"

யாரிடம் சொல்வது? விட நினைத்தேன் என்றால் மோசக்காரன். நினைக்கவில்லை என்றால் துரோகி.

திங்கட்கிழமை விளக்கறையில் வேறொருவன் இருந்தான். "உங்கள கீழ இறங்கச் சொல்லிட்டாங்கண்ணே" என்று, முகத்தைப் பார்க்காமல் விளக்கை நீட்டினான். இறங்கினார். சனிக்கிழமை ஊரார் கூடும் நீராவிக் குளியலறையில் அவர் ஏறி உட்கார்ந்த பலகையிலிருந்து மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். நாலு வருஷம் இருமினார். பிறகு இருமல் நின்றது.

சவப்பெட்டி தூக்க ஹேரோ லேக்கில் ஆறு பேர் சேரவில்லை. கோர்மனிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்து தூக்கினார்கள். இல்மா அவர்களுக்குக் காபி ஊற்றினாள்.

"அம்மா, எங்க ஊர் அரங்குல அண்ணன் படத்த மாட்டியிருக்கோம். ஒரு தடவ வந்து பாக்கணும்" என்றான் அவர்களின் கேப்டன்.

"இறக்கிடுங்க தம்பி. உங்க கோலுக்குள்ள அன்னைக்கு ரெண்டு விழுந்திருந்தா, இவரு இப்ப உங்ககூட உக்காந்து காபி குடிச்சுட்டிருப்பாரு."

அவன் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.