டம்ளரில் வெள்ளைத் திட்டு

தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கு முன் கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருப்புவார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பகலெல்லாம் லென்ஸில் கீறல் தேடும் அந்தக் கண்ணுக்கு வீட்டிலும் ஓய்வு கிடையாது. டம்ளரில் வெள்ளைத் திட்டு இருக்கும். என்றைக்கும் இருக்கும்.

"பாத்திரம் கழுவுறதுல உனக்கு மனசே ஒட்டல," என்பார் மனைவியிடம். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் இன்னும் குஷி. "எங்க வீட்டு டம்ளருக்கெல்லாம் காக்கா குளியல்தான்." வந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரித்துவைப்பாள். எலுமிச்சைத் தோலும் பழந்துணியுமாகத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. துடைத்த ஒவ்வொரு டம்ளரையும், அவரே பார்த்துச் சொல்லட்டும் என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அடுக்குவாள்.

தண்ணீர் மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்பு படியும் கடினத் தண்ணீரை மென்மையாக்க மெஷின் வாங்கி மாட்டியிருக்கிறார். மாதம் தவறாமல் அதில் உப்பு போடுகிறார். சோதனை வேறு. குளியலறைக் குழாயில் சின்னக் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். கடினத் தண்ணீர் என்றால் சிவக்கும். பச்சையாக மாற எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அத்தனை கடினம். அவர் வீட்டில் முதல் சொட்டிலேயே பச்சை.

"பாத்தியா, பன்னீர் மாதிரி தண்ணி. இதுல கழுவியும் திட்டு விழுதுன்னா யார் மேல குத்தம்?"

போன வாரம் அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்ததால், சமையலறைக் குழாயிலேயே குப்பியை நிரப்பினார். சிவந்தது. சொட்டுக்கு மேல் சொட்டு விட்டும் சிவப்பு அசைந்துகொடுக்கவில்லை. மெஷின் மாட்டிய பிளம்பரைக் கையோடு போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

பிளம்பர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சார், சமையல் ரூம் குழாய அதுல சேர்க்காதன்னு நீங்கதானே சொன்னீங்க? உப்பு போட்ட மெஷின் தண்ணிய வாயில வைக்க மாட்டேன்னீங்களே."

சொன்னது நினைவுக்கு வந்தது. எந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னார் என்பதுகூட. காது மடல் சுட்டது. சிரித்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூடவே சேர்ந்து சிரித்த அவள் முகமும். குப்பியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைத்தது இன்னும் கேவலமாக இருந்தது.

ஈரக்கையோடு மனைவி வந்தாள். "என்னங்க, தண்ணி எப்படி இருக்கு?"

"உன் மேல குத்தமில்ல," என்றார். "இந்தக் குழாய மெஷின்ல சேர்க்க வேணாம்னு நான்தான் சொல்லியிருக்கேன். மறந்தே போயிட்டேன். உன்னைப் போயி இத்தனை நாளா..."

அவள் குப்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சுங்க," என்றாள்.

தொட்டியில் கிடந்த டம்ளரைக் கழுவித் துடைத்தாள். பழகிய கை, அதை ஜன்னல் பக்கம் தூக்கி அவருக்குக் காட்டியது.

அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.