கம்ப்ரஸர் ரூமுக்கு ஒரு போன்

துடியலூர் ஆபீஸில் உட்கார்ந்து அன்னூர் மில்லின் மெஷின்களைக் கவனிப்பது என் வேலை. தினமும் காலையில் மில்லின் கம்ப்ரஸர் ரூமுக்கு போன் போட்டு, காற்றழுத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எடுப்பவர் ஆபரேட்டர் பழனிசாமி அண்ணன். நேரில் பார்த்ததே இல்லை. அளவைச் சொல்லிவிட்டு, "சாப்டாச்சுங்களா அம்மணி?" என்பார். ஹாஸ்டலில் தங்கியிருந்த என்னிடம் அதைக் கேட்க வேறு ஆளில்லை.

போன வருஷம் மில் மெஷின்களையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தோம். முன்னே நின்று செய்தவளே நான்தான். அளவெல்லாம் தானாகத் திரைக்கு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை போனைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, இனி கேட்க ஒன்றுமில்லை என்று.

சில வாரம் பொறுத்தேன். ஒருநாள் முடியாமல் கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணா, நெட்வொர்க் கட்டாயிடுச்சுங்க. பிரஷர் எவ்வளவுங்க?"

சுத்தப் பொய்.

"இங்கயும் ஒரு ஸ்கிரீன் வெச்சிருக்காங்க அம்மணி. லைன் நல்லா இருக்குதுன்னு பச்சை காட்டுதுங்க."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இருந்தாலும் சொல்றனுங்க, எழுதிக்கங்க."

ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தார். என் திரையில் இருந்த அதே எண்கள்தான். எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "இங்க நல்ல மழைங்க," என்றார். "அங்க எப்படிங்க?"

போன மாதம், மில் மாடியில் மழைமானி வைத்து அதையும் நெட்வொர்க்கில் சேர்க்கலாமா என்று மீட்டிங்கில் கேட்டார்கள்.

அது மட்டும் வேண்டாங்க என்றேன்.