பீப்பாய்களிடம் சொல்லாத சாவு

படகிலிருந்து இறங்குகிறவர்களுக்கு முன்னால் நின்று என் பெரியம்மா ரோஸ்வித்தா வழிகாட்டுவதில்லை. அவர்களை முன்னால் நடக்கவிட்டுத் தான் கடைசியில் வருவார்.

“கிரேவன்பாக்குல வழி தப்பணும்னா அதுக்குத் தனித் திறமை வேணும். இந்தப் பக்கம் மோசெல் ஆறு, அந்தப் பக்கம் திராட்சை மலை. நடுவுல எங்க போயிடப் போறீங்க? நடங்க, நடங்க” என்பார்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். செங்குத்தான மலைப்பாதை அவர்களுக்கு ஆகாது. அதனால் ஆற்றோரப் பாதையில் தொடங்கி, வெள்ளம் வந்த உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கும் கோட்டை வாசல், சந்தைத் திடல், எங்கள் வீட்டுச் சந்து என்று மெதுவாகப் போவார்கள். மலையடியில் இருக்கும் முதல் கொடிவரிசைகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். அங்கே ஆளுக்கு ஒரு குவளை ஒயின். இலையுதிர் காலமானால் பாதி நொதித்த கலங்கல் ஒயினும் சூடான வெங்காய கேக்கும். பெரியம்மாவின் வேலை இவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் நடையை வேகப்படுத்துவார். அது எங்கள் சந்து. எங்கள் ஒயின் நிலவறை அந்தச் சந்தின் அடியில்தான் இருக்கிறது. காற்றுக்காகத் தரைமட்டத்தில் கம்பி போட்ட சின்னச் சன்னல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே வந்ததும் பெரியம்மா குரலை உயர்த்தி ஏதாவது நகைச்சுவை சொல்லுவார். கூட்டம் சிரித்துக்கொண்டே கடந்துவிடும். அந்தச் சிரிப்பு எதற்காக என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா அக்கரைக்காரர். படகோட்டி மகள். எர்வின் பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்த அன்று, மாமியார் அவரைக் கையைப் பிடித்து நிலவறைக்குள் அழைத்துப் போய், ஒவ்வொரு பீப்பாயையும் தட்டி, “இவதான் புது மருமக. பேரு ரோஸ்வித்தா” என்று சொன்னாராம். எங்கள் பக்கத்து ஒயின் வீடுகளில் அது வழக்கம். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பீப்பாய்களிடம் சொல்லிவிட வேண்டும். முக்கியமாகச் சாவு. எசமான் இறந்தால் உடல் வீட்டைவிட்டுப் போவதற்குள் அவர் மனைவி கீழே இறங்கி, பீப்பாய் பீப்பாயாகத் தட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும், பழைய எசமானுக்காகக் காத்துக்கொண்டே கெட்டுவிடும் என்பார்கள்.

“மரக்கட்டைகிட்ட போய் என்னை அறிமுகப்படுத்துறீங்களே, அதுங்க எனக்கு மொய் எழுதுமா?” என்று அன்று பெரியம்மா கேட்டாராம். மாமியார் சிரிக்கவில்லையாம்.

பெரியப்பாவும் பீப்பாய்களைத் தட்டுவார், ஆனால் அது வேலைக்காக. விரல்முட்டியால் தட்டிக் கேட்டால் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். அடுத்தடுத்து இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அது அவர் கை. சந்தில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, “எர்வின் கீழே இருக்கான்” என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

நொதிக்கும் காலத்தில் நிலவறையில் ஒரு வாயு சேரும். மணம் இருக்காது, நிறம் இருக்காது. கனமானது என்பதால் தண்ணீர்போலத் தரையில் தேங்கும். அதனால்தான் கீழே இறங்கும்போது மெழுகுவர்த்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு போவோம். சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். பேசக்கூட நிற்கக் கூடாது. பெரியப்பாவே இதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அறுவடைக்கு நடுவில், ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். வர்த்தியை மேல்படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நாங்கள் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டோம், பெரியம்மா படகுத்துறைக்கு. வீட்டில் யாரும் இல்லை.

அன்று மத்தியானம் பெரியம்மா ஒரு கூட்டத்தோடு சந்துக்குள் வந்தார். கம்பிச் சன்னலிலிருந்து சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, ஒரு தட்டு.

“என் புருஷன்தான். என்கூடப் பேசறதைவிட பீப்பாய்ங்ககூடத்தான் அதிகமாப் பேசுவாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து, “ஏங்க, காப்பி போடப் போறேன், மேல வாங்க!” என்று கூப்பிட்டார். சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது மேல்படியில் வர்த்தி உருகிக் கல்லோடு ஒட்டிக் கிடந்தது. பெரியப்பா கீழ்ப்படியில் முகம் குப்புறக் கிடந்தார். உயிர் காலையிலேயே போய்விட்டது என்றார் மருத்துவர்.

உடல் வீட்டில் இருந்த வரைக்கும் எல்லோரும் பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்கள். பாதிரியார்கூட, “இதெல்லாம் மூடநம்பிக்கைதான். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிடுங்களேன்” என்றார். பெரியம்மா கீழே இறங்கவே இல்லை.

“மத்தியானங்கூடத் தட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு செத்துட்டாருன்னு நான் போயி எப்படிச் சொல்ல?” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒயின் நன்றாக வரவில்லை. ஒரு வருடம் இரண்டு பீப்பாய், அடுத்த வருடம் நான்கு என்று காடியானது. அப்பா பீப்பாய்களைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார், புகை போட்டார், சில பலகைகளையே மாற்றினார். காற்றை வெளியேற்ற மின்விசிறி வைத்தார். எதுவும் உதவவில்லை. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நொதிக்கும் காலம் வந்தால் சந்தில் கேட்கும். இரண்டு தட்டு, ஒரு தட்டு. நொதிக்கும்போது குமிழி வரும், மரம் விரிந்து முறுகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். என் அறையின் சன்னல் அந்தச் சந்துப் பக்கம் இருக்கிறது.

இந்த வருடம் நான் பள்ளி முடித்தேன். அறுவடை தொடங்கிய அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“அண்ணி, இந்தத் தடவையும் போச்சுன்னா நான் கொடியை எல்லாம் பிடுங்கிப் போட்டுடுவேன். அப்புறம் எனக்கு இந்த வீட்டுல வேலை இல்ல.”

“நீ போய்ச் சொல்ல வேண்டியதுதானே அலோய்ஸ்?”

“சொன்னேனே! மூணு தடவை இறங்கிச் சொன்னேன். அண்ணன் உயிரோட இருந்தப்பவே இந்த வீட்டுல என் பேச்சை யாரு கேட்டா? பீப்பாயா கேட்கப் போகுது?”

பெரியம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சொன்னா அவரு தட்டுறதை நிறுத்திடுவாரு அலோய்ஸ். எனக்கு மிச்சம் இருக்கிறது அந்தச் சத்தம் மட்டுந்தான்.”

அதுவரை பெரியம்மா பயத்தினால்தான் இறங்கவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு ஆற்றில் மூடுபனி விழுந்தது. மத்தியானமாகியும் அக்கரை தெரியவில்லை. முற்றத்தில் குவளை வைக்க உதவலாம் என்று நானும் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தேன். ஹாலந்திலிருந்து வந்த பத்துப்பன்னிரண்டு பேர். கோட்டை வாசலில் எல்லோரும் வெள்ளக்கோடுகளுக்கு அருகில் நின்று, தாங்கள் எந்த வருடத்து வெள்ளத்தில் மூழ்கியிருப்போம் என்று அளந்து பார்த்துக்கொண்டார்கள்.

சந்துக்குள் வந்ததும் பெரியம்மா வழக்கம்போல் நகைச்சுவையைத் தொடங்கினார். ஆனால் ஊன்றுகோலோடு மெதுவாக வந்த ஒரு அம்மா சன்னலுக்கு நேராக நின்றுவிட்டார். அவர் பெயர் ஃபெம்கே என்று பின்னால் தெரிந்தது.

“உள்ள யாரோ இருக்காங்க” என்றார் ஃபெம்கே.

“ஒயின் நொதிக்கிற சத்தம்மா அது. நடங்க, கேக் ஆறிடும்.”

“இல்லங்க.” ஃபெம்கே ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். காதைக் கம்பியில் வைத்தார். இரண்டு தட்டு, ஒரு தட்டு. எனக்கும் கேட்டது. “என் அப்பா சுரங்கத்துல வேலை பார்த்தாரு. மண்ணு சரிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டவங்க இப்படித்தான் தட்டுவாங்களாம். இது வேலை செய்யிற ஆளு தட்டுறது இல்லம்மா. வெளிய வர்றதுக்கு வழி கேட்டுத் தட்டுறது.”

பெரியம்மா கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் வர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து முற்றத்தில் இருந்த அப்பா ஓடிப்போய் நிலவறையின் இரண்டு கதவுகளையும் திறந்து மின்விசிறியைப் போட்டார். பெரியம்மா வர்த்தியை முழங்கால் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு படியிறங்கினார். அப்பா படியிலேயே நின்றார். நாங்கள் சன்னலைச் சுற்றி நின்றோம்.

முதலில் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மரத்தில் தட்டும் சத்தம். பெரியம்மாவின் குரல் கீழேயிருந்து தெளிவாகக் கேட்டது.

“உன் எசமான் எர்வின் செத்துட்டாரு. இனிமே அலோய்ஸ்தான் உன் எசமான்.”

அடுத்த பீப்பாயிலிருந்து, அவர் இன்னும் அதைத் தொடுவதற்கு முன்னாலேயே, இரண்டு தட்டு வந்தது. நிறுத்தி ஒரு தட்டு. கூட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

பெரியம்மா அங்கே போய்ச் சொன்னார். அந்தச் சத்தம் இன்னொரு பீப்பாய்க்குத் தள்ளிப்போனது. அவர் சொல்லச் சொல்ல அது நிலவறையின் உள்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. கம்பி வழியாக எனக்குச் சுடர் தெரிந்தது. அது ஆடாமல் நேராக எரிந்தது. கடைசி மூலைக்கு அவர் போனதும் வெளிச்சம் மங்கிவிட்டது. அங்கேதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று வைத்திருக்கும் சின்னப் பீப்பாய் இருக்கிறது. அதிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. மிக மெதுவாக.

பெரியம்மாவின் குரலுக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. கொஞ்ச நேரத்தில் படியேறி வந்துவிட்டார்.

“எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டீங்களா அண்ணி?”

“சொல்லிட்டேன். போய் கேக்கை அறுத்து வை, வந்தவங்க பசியில நிக்குறாங்க.”

ஃபெம்கே மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அந்தப் பார்வையைச் சந்திக்கவில்லை.

மூடுபனி விலகிக் குளிர் வந்தபோது அப்பா ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தன. சந்தோஷத்தில் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. மூலையில் இருந்த சின்னப் பீப்பாய் மட்டும் காடி. “ஒண்ணுதானே, போகட்டும். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டு, அதைக் கொட்டி வேறு நிரப்பலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார்.

நான் கொலோன் நகரத்துக்கு வேலை தேடிப் போவதாகச் சொன்ன அன்று பெரியம்மா என்னோடு சந்துவரை வந்தார். சன்னலருகில் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. இரண்டு தட்டு, ஒரு தட்டு.

“உனக்குத் தெரியும்ல?” என்றார் நிமிராமலேயே.

“தெரியும் பெரியம்மா. அந்த ஹாலந்து அம்மா சொன்னது உண்மையா இருந்தா? அவரு வெளிய வரத்தான் தட்டுறாருன்னா?”

ஆற்றில் ஒரு படகு சங்கு ஊதிக்கொண்டு துறையை நெருங்கியது. கூட்டம் இறங்கப் போகிறது, பெரியம்மா போக வேண்டும்.

“அப்படித்தான் இருக்கும்” என்றார். “நீ எங்க வேணும்னாலும் போ கண்ணு. ஆனா நான் போன சேதி வந்தா உடனே கிளம்பி வந்துடு. என்னைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள கீழ இறங்கி, நான் சொல்லாம விட்ட அந்தச் சின்னப் பீப்பாய்கிட்ட எங்க ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிடு. வர்த்தியை முழங்காலுக்குப் பிடிச்சுக்க.”

எழுந்து, படகுத்துறையைப் பார்த்து நடந்தார். அவர் காலடி கற்களில் தேய்ந்து மறையும்வரை நான் சன்னலைப் பார்க்கவில்லை. கீழே அதுவும் அமைதியாக இருந்தது. அவர் முனை திரும்பிய பிறகு மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை மூலையிலிருந்து இல்லை, எனக்கு நேர் கீழே.