கேலிப்படத்து மனைவி

அப்பா கிளமெண்டிக்குத் தனியாகக் குடிபோன வருடம் எனக்கு ஒன்பது வயது. நானும் அம்மாவும் மார்சிலிங் வீட்டிலேயே இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் அப்பாவின் பொறுப்பு. மகளை வைத்துக்கொண்டு ஒரு பகலை எப்படிக் கழிப்பது என்று அவருக்குத் தெரியாது. தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் எங்கள் பேச்சும் தீர்ந்துவிடும். பிறகு ரயிலில் ஏறி எங்காவது போவோம், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி, டோபி காட் ரயில் நிலையத்தின் அருகே ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கேலிப்படங்களை மாட்டியிருந்தார்கள். ஒன்றில், தொந்தி பெருத்த மந்திரி ஒருவர் எலும்பும் தோலுமான விவசாயிகளின் மேல் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்.

"வரி வாங்கியே கொழுத்துட்டாருன்னு கிண்டல் பண்றாங்க" என்றார் அப்பா.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு வரவே மனமில்லை.

அடுத்த படத்தில் ஒரு வீடு. மனைவி பியானோவை அடித்தபடி தொண்டை கிழியப் பாடுகிறாள். கோணல் மூக்கு, கழுத்தெல்லாம் நரம்பு. கணவன் மட்டும் நல்ல அழகன். அவளுக்கு முதுகைக் காட்டி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறான்.

"பாவம் அந்த அங்கிள்" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"வரைஞ்சவரு ஆம்பள லா. அதான் அவங்கள மட்டும் அசிங்கமா போட்டிருக்காரு. அந்தக் காலத்துல பொம்பள வாயத் தொறந்தாலே இப்படித்தான் வரைவாங்க. அவங்க ஏன் கத்துறாங்கன்னு இவன் ஒரு தடவையாச்சும் திரும்பிப் பார்த்தானா?"

என்னிடம் கேட்கிறார் என்று நினைத்து, "இல்லப்பா, பேப்பர் படிக்கிறான்" என்றேன்.

மாலையில் அம்மா கதவைத் திறந்தபோது, வழக்கம்போல இருவரும் என் இருமலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அப்பா போன பிறகு, சாப்பிடும்போது அம்மாவிடம் அந்தப் படத்தைச் சொன்னேன்.

"என்னைத்தான் சொல்லிக் காட்டியிருப்பாரு" என்றார் அம்மா, தட்டைப் பார்த்தபடி.

நான் அப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அப்பாவா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"திரும்பிப் பார்த்தானான்னு, அவரே கேட்டாரா?"

அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. ஆனால் அன்று அம்மா என்னை அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. அம்மாவுக்குப் பழைய படங்கள் இவ்வளவு பிடிக்குமென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வருத்தம். அடுத்த ஞாயிறு இதைவிட நல்லதாக ஒன்று பார்த்துவந்து சொல்கிறேன் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.