ஸ்டெல்லாவின் பெயர் இருந்த மூலை

கரடியூரில் வீடு காலி செய்தவர்களிடம் வாங்கிய பழைய மேசைக்குப் பெயின்ட் அடிக்கும் முன், உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழைய வார்னிஷின் வாசனை மூக்கில் ஏறியதும் நாகலூரில், பத்து வயதில், எங்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கே புத்தி சொல்லிக் கட்டுரை எழுதும் நான் இத்தனை வருடம் போகாமல் தவிர்த்த இடம் அது.

அன்றும் ஒரு பழைய மேசைதான். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை போய், சேலத்துக்குக் கிளம்பும்போது எங்களுக்கு விற்றது. அதன் மூலையில் அவள் காம்பஸ் முள்ளால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தாள். தேய்க்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்திருந்தார்.

ஸ்டெல்லா வந்து நின்றாள். "எம் பேரை மட்டும் உட்டுரு."

"இது இப்ப எங்க ஊட்டு மேசை" என்றேன். பத்திரம் பதிந்து வாங்கியவன் மாதிரி, அவள் கண்ணெதிரே அந்த மூலையையே தேய்த்தேன். குறுக்கே தேய்த்ததில் மரமெல்லாம் கீறல் விழுந்தது, பெயர் போகவில்லை.

அவள் கிட்டே வந்து குனிந்தாள். "மரத்தக் கெடுக்காத, குடு இங்க. ரேகை போற பக்கமாத் தேய்க்கோணும்." தாளை வாங்கி, தன் பெயரைத் தானே தேய்த்து எடுத்தாள்.

அப்பா வந்து மூலையைத் தடவினார். "நொம்ப வழவழன்னு இருக்குதே! ஆரு கண்ணு தேச்சது?"

"நாந்தானுங்கப்பா."

ஸ்டெல்லா கைத்தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது மனைவி காபியோடு வந்து மேசையைப் பார்த்தாள். "ரேகை பாத்துத் தேய்க்கறீங்களே, ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

"அதெல்லாம் எனக்கே தெரியும்" என்றேன்.