மூட்டையின் எடை

எங்கள் தொழிற்சாலையில் கைக்கடிகாரத்துக்கான பல்சக்கரங்கள் செய்கிறார்கள். ஒவ்வொன்றும் கடுகளவு. கைப்பிடி நிறைய அள்ளி எங்கே வேண்டுமானாலும் ஒளித்துக்கொண்டு போய்விடலாம். அதனால் வேலை முடிந்து போகிற பெண்களைச் சோதித்து அனுப்ப கேட்டில் இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருத்தி நான். இன்னொருத்திக்குப் பட்டப்பெயர் எக்ஸ்ரே.

நான் பையைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். அவள் விடமாட்டாள். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்ப்பாள், செருப்பைக் கழற்றச் சொல்வாள், கொண்டையை அழுத்திப் பார்ப்பாள். மடக்கிய குடையோடு யாரும் அவளைத் தாண்டியதில்லை. பதினான்கு வருஷத்தில் ஆறு பேரைப் பிடித்திருக்கிறாள். அந்த ஆறு பேர் அவள் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டார்கள் என்பது என் கட்சி. "அக்கா, மூஞ்சியைப் பாத்து ஏமாறாதீங்க. பையைப் பாருங்க" என்று எனக்கே பாடம் எடுப்பாள்.

அவள் வீடு என் வீட்டுக்கு எதிர்க்கதவு. புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஒன்பது வயதில் ஒரு மகள். புருஷனின் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். கல்யாண வாழ்க்கை சரிப்படாமல், ஒரே ஒரு பழுப்பு நிறப் பையோடு பதினோரு மாதத்துக்கு முன்பு வந்தவள். விடியும்போது ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போவாள், மதியம் திரும்பி வருவாள், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவாள். அதிர்ந்து பேசமாட்டாள். எக்ஸ்ரேவுக்கு நாத்தனாரிடம் பிடிக்காமல் போனது அதுதான். வாயைத் திறக்காதவர்களை அவள் நம்புவதில்லை.

ஐந்தாவதாக அந்த வீட்டில் ஒரு ஹாம்ஸ்டர், கூண்டில் வளர்க்கிற எலி. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கியது. உருண்டு திரண்டு இருந்ததால் குழந்தை அதற்கு மூட்டை என்று பெயர் வைத்தாள். ஆறு மாதத்தில் அது பெயருக்கு ஏற்றபடியே ஆகிவிட்டது. நாலடி நடந்தால் படுத்துக்கொண்டது. பிராணிகளைப் பார்க்கும் டாக்டரம்மா எடை போட்டார்: நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிராம். நூற்றைம்பதுக்குள் இறக்க வேண்டும், இல்லையென்றால் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார். குழந்தை அழுத அழுகையில் எக்ஸ்ரே அங்கேயே வாக்குக் கொடுத்தாள், நான் இறக்கிக் காட்டுகிறேன் என்று.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள் மறுநாள் கேட்டில் என்னிடம் ஒப்பித்தாள். கூண்டில் இருக்கும் சக்கரம் உள்ளங்கை அளவுதான், அதில் ஓடினால் முதுகு வில்லாக வளைகிறது, அதனால்தான் ஓடமாட்டேன் என்கிறது. ஒரு சாணுக்கும் கொஞ்சம் அதிக அகலத்தில், கால் சிக்கும் கம்பிகள் இல்லாமல், தளம் மூடிய சக்கரமாக வாங்க வேண்டும். சூரியகாந்தி விதையை நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்பூன் தீனி மட்டும். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கூடத்தில் ஓடவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாராம். "எடை போடறதுக்கு முன்னாடி பையை நல்லாப் பாத்துடுங்க. ஒளிச்சு வெச்சிருந்தா எடை சரியா வராது."

இதைச் சொல்லும்போது எக்ஸ்ரேவின் கண் மின்னியது. டாக்டர்னா டாக்டர், வீட்டுக்கு வராமலே வீட்டு லட்சணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றாள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பதினான்கு வருஷம் கேட்டில் நின்றவர்களுக்குப் பை என்றால் தோளில் தொங்குவதுதான்.

புதுச் சக்கரம் வந்தது. மூட்டை ஓடவும் ஓடியது, சத்தம் என் வீடு வரை கேட்டது. ஒரு வாரம் கழித்து எடை நூற்றுத் தொண்ணூற்றொன்று. எக்ஸ்ரே முதலில் சக்கரத்தைச் சந்தேகப்பட்டாள். அதில் சிவப்பு டேப் ஒட்டி உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினாள். பிறகு எடை மெஷினைச் சந்தேகப்பட்டாள், என் வீட்டு மெஷினை வாங்கிப் போய் ஒப்பிட்டாள். பிறகு புருஷனை. அவர் ஒருநாள் சும்மா விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், கணக்கை ஏற்றிக் காட்டுவதற்குத்தானே என்று பாவம் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

இரண்டாவது வாரம் நூற்றுத் தொண்ணூற்று நாலு. அன்று கூண்டில் சூரியகாந்தி விதையின் தோல் கிடந்தது. வீட்டில் விதையே கிடையாது. பாக்கெட்டை அவளே கொண்டுபோய்க் குப்பையில் போட்டிருந்தாள். யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது யார்? விதை தூவிய ரொட்டி விற்கும் கடையில் வேலை பார்ப்பது யார்? அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அதோடு டாக்டரே பையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

நாத்தனார் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பழுப்புப் பையைத் தரையில் கவிழ்த்தாள். தையல் இடுக்கில் இரண்டு சூரியகாந்தி விதைகள். நிமிர்ந்து பார்த்தால் ஈரத்தலையோடு நாத்தனார் நிற்கிறாள்.

"ரொட்டி மேலேர்ந்து உதிர்ந்ததா இருக்கும் அண்ணி" என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தாள். அண்ணி இருந்தால் பையின் ஜிப்பை முழுக்கத் திறந்து நீட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்குவாள். எங்கள் கேட்டில் பெண்கள் நிற்பார்களே, அப்படியே. கதவு திறந்திருந்ததால் நானும் பார்த்தேன். எக்ஸ்ரே பார்த்தது வேறு. குற்றம் செய்தவர்கள்தான் அக்கா இவ்வளவு பணிவாக நிற்பார்கள் என்றாள். ஒரு நாள் விடாமல் அந்தப் பையைத் துழாவினாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாவது வாரமும் எடை இறங்கவில்லை. லீவு நாளாகப் பார்த்து அவளும் குழந்தையும் டாக்டரிடம் கிளம்பினார்கள், கூண்டைப் பிடிக்க நானும் போனேன். கூண்டுக்குள் அடைப்பதற்கு முன்பு கடைசி நேரம் வரை அதைக் கூடத்தில் ஓடவிட்டிருந்தாள். டாக்டரம்மா மூட்டையைத் தூக்கி மெஷினில் வைத்தார். புது இடம், வெளிச்சம், பயம். அது முன்னங்கால் இரண்டாலும் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளியது. வாயிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சூரியகாந்தி விதைகள் மெஷின் மேல் விழுந்துகொண்டே இருந்தன. இருபத்து மூன்று. உப்பியிருந்த மூஞ்சி பாதியாகிவிட்டது.

"போன தடவையே பையைப் பாருங்கன்னு சொன்னேனே" என்றார் டாக்டரம்மா.

"பாத்தேன் டாக்டர். தினமும் பாத்தேன்."

"அப்புறம் கன்னத்துல இவ்ளோ எப்படி இருக்கும்?"

டாக்டரம்மா மேலே சொல்லிக்கொண்டு போனார். இதற்கு இரண்டு கன்னத்திலும் பை உண்டு. தீனி தாராளமாகக் கிடைத்த நாளில், குழந்தை விளையாட வெளியே விட்டபோதெல்லாம் அடக்கிக்கொண்டு போய் எங்கேயோ சேர்த்து வைத்திருக்கும், ஓடவிடும்போதெல்லாம் அங்கே போய் நிரப்பிக்கொண்டு வருகிறது. அரை மணி நேரம் முடிந்ததும் மூட்டையைத் தன் கையாலேயே தூக்கிக் கூண்டில் விட்டவள் எக்ஸ்ரேதான். மூன்று வாரமும் சரக்கு அவள் கை வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, போகிறேன் என்று முந்தின நாளே அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். எங்களைக் கண்டதும் பையைக் கீழே வைத்து, ஜிப்பைத் திறந்து, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

எக்ஸ்ரே பையைப் பார்க்கவில்லை. கூடத்து மூலையில் இருந்த செருப்பு அலமாரியை இழுத்தாள். சுவரோரம் ஒரு படி அளவுக்கு விதையும் தோலும் குவிந்து கிடந்தன. அதைக் காட்டி, டாக்டர் சொன்னதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னாள். பை என்றது இந்தப் பையை இல்லை, கன்னத்தில் இருப்பது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றாள்.

நாத்தனார் கைகளை இறக்கினாள்.

"எலிக்குக் கன்னத்துல பை இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணி, சரி. பதினோரு மாசமா என்னைத் தெரியுமே."

எக்ஸ்ரே தரையில் உட்கார்ந்து அந்தப் பையை மூடப் பார்த்தாள். ஜிப் பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. கண்ணீர் வேறு மறைத்தது. கேட்டில் திறந்து பார்ப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும், மூடிக்கொள்வது அவரவர் பாடு. கடைசியில் நாத்தனாரே குனிந்து, துணியை உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

மூட்டை இப்போது நூற்று நாற்பத்தெட்டு கிராம். வாரம் ஒரு முறை கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடை போடுகிறாள். அந்த எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரொட்டி வாங்கப் போகும் என்னிடம் கொடுத்தனுப்புகிறாள். நாத்தனார் அதை வாங்கிப் படிப்பாள். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொள்வாள்.