வரிசையின் ஓரத்தில்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. சூலூரில் முகூர்த்தத்தைப் படம் எடுத்து முடித்த கையோடு மேட்டுப்பாளையத்தில் வரவேற்பு என்றால்தான் உடம்பு சொன்னபடி கேட்கும். அப்படிப்பட்ட நான், கோயம்புத்தூர் கடைவீதிக்குப் பின்னால், பாத்திரக் கடைக்கும் நகைப்பட்டறைகளுக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் அந்தச் சின்னப் பள்ளிக்கு மட்டும் வருடம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான். வண்டி நிறுத்த இடம் கிடையாது. முற்றத்தில் வெயில் விழுவதே கொஞ்ச நேரம். அதற்குள் எல்லா வகுப்புக்கும் குரூப் போட்டோ எடுத்துவிட வேண்டும். இதுதான் கடைசி வருடம் என்று முனகிக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் போவேன்.

பிள்ளைகளை நிற்க வைப்பது தலைமையாசிரியையின் வேலை. பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டறை வேலைக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளை வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் நிறுத்துவார். அந்தக் குடும்பங்கள் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. பிரிண்ட் போடுவதற்குள் போய்விட்டால் ஓரத்தோடு வெட்டிவிடலாம். படத்தில் இருக்கும் முகங்களும் கீழே அச்சாகும் பெயர்களும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கெட்ட மனசில்லை. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனாலும் ஒவ்வொரு முறை ஓரத்தை வெட்டும்போதும் எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு பெண் மட்டும் வெட்டுப்படாமல் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு ஓரம்தான். அப்பாவுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும். இவள் பேச்சில் எங்களைவிடவும் ‘ங்க’ அதிகம். ஐந்தாம் வகுப்புப் படம் மட்டும்தான் பள்ளிச் சுவரில் மாட்டப்படும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், நான் காமிராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது, நேராகப் பெரிய டீச்சரிடம் போய் நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், இந்த வருசம் நா நடுவுல நிக்கட்டுங்களா? நாங்க எங்கயும் போகலீங்க.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வெயிலைப் பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். படத்தில் அவள் சிரிக்கவில்லை. யாராவது இழுத்துவிடுவார்களோ என்பதுபோல் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள்.

பிரிண்ட் போடுவதற்கு முன்பே டீச்சர் போன் செய்தார். அவள் அப்பாவுக்குத் திருச்சூரில் வேறு பட்டறையில் வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டதாம். பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லையாம். படத்திலிருந்து அவளை எடுத்துவிடுங்கள் என்றார்.

கம்ப்யூட்டரில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஆகிற வேலைதான். ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். வழக்கமான எரிச்சல் இல்லை இது, பயமாகவே இருந்தது. வாய்விட்டுக் கேட்டு வாங்கிய இடம். அதையும் பிடுங்கிக்கொண்டால் சுவரில் அவள் இருக்க மாட்டாள். எதையும் தொடாமல் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போனேன். நடுவில் இருப்பவளை எடுக்க எனக்கு வரவில்லை என்று சொன்னேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “எம்பட மக கல்யாணத்துல, துபாயில இருந்த மாப்ளையோட அண்ணனக் கம்ப்யூட்டர்லயே கொண்டாந்து மேடையில நிக்க வெச்சவருங்க நீங்க.”

“நிக்க வெக்கிறது வேறீங்க டீச்சர்.”

“அவதான் போயிட்டாளேங்க தம்பி.”

“போட்டோ எடுக்கறப்ப இருந்தாளுங்களே.”

அவர் படத்தை வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது படம் சுவரில் இருந்தது, அவள் பெயரோடு.

போன வருடம் பெரிய டீச்சர் வரிசைப் பக்கமே வரவில்லை. நீங்களே நிற்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, யாரை நடுவில் வைத்தாலும் ஓரத்தில் யாராவது நின்றுதான் ஆக வேண்டும். உயரப்படி நிறுத்தினேன், இரண்டு ஓரத்திலும் பட்டறைப் பிள்ளைகளே வந்தார்கள். மாற்றினேன். பாத்திரக் கடைக்காரர் மகன் ஓரத்துக்கு வந்தான். அவன் முகம் சுருங்கியது. மறுபடியும் மாற்றினேன். வெயில் சுவர் மேல் ஏறத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் நெளிந்தார்கள். யாரைப் பார்த்தாலும் அடுத்துக் கிளம்பப் போவது இந்தப் பிள்ளைதானோ என்று மனசு அடித்துக்கொண்டது.

டீச்சர் தூணை விட்டு வந்தார். நடுவில் போட்டிருந்த தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வரிசையின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். மறு ஓரத்துக்கு வகுப்பு டீச்சரைப் போகச் சொன்னார்.

“எடுங்க தம்பி,” என்றார். “மே மாசத்தோட எனக்கு ரிட்டயர்மென்ட்டுங்க. வெட்டோணும்னா என்னைய வெட்டிக்கலாம்.”